பென் டிரைவில் இருக்கும் கோப்பை நினைவகத்தோடு பிணைத்தல்: செய்து பார்க்கும் முழுமையான வழிகாட்டி

இலங்கையில் திருகோணமலைக்கு அருகே நிலாவெளிப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒருவருக்காகச் சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கணக்கு நிரல் எழுதினேன். கணக்குக் கோப்பு பென் டிரைவில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. பகலில் கடையில் பதிவு, இரவில் வீட்டில் சரிபார்ப்பு. நானும் அப்போது புதிதாகக் கற்றிருந்த வித்தையைக் காட்டும் ஆசையில், கோப்பை நேரடியாக நினைவகத்தோடு பிணைத்து எழுதினேன். நிரல் பறந்தது.

ஒரு மாலை, "தம்பி, முடிந்ததா?" என்றார். "முடிந்தது அண்ணை" என்றேன். பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் கோப்பின் முதல் பக்கம் நேற்றைய பதிவுகள் 41 என்றது. எண்ணிப் பார்த்தால் 38தான் இருந்தன. நிரலில் பிழை எதுவும் இல்லை. நான் சொன்ன "முடிந்தது" என்ற சொல்லில்தான் பிழை. நினைவகத்தில் முடிந்திருந்தது, பென் டிரைவில் முடியவில்லை.

அன்று எனக்குத் தெரியாமல் போனதைக் கையால் செய்து பார்க்கும் விதமாக இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் கணினி ஒன்று, பைத்தான், இழந்தால் கவலைப்படத் தேவையில்லாத பென் டிரைவ் ஒன்று ஆகியவை போதும். பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் இருக்கும் பென் டிரைவை எடுக்க வேண்டாம். ஆறாம் படியில் அதை நடுவில் பிடுங்கப் போகிறோம்.

முதலில்: கிண்ணியாப் பாதை

2009இல் பாலம் திறக்கும் வரை திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்கு நேராகப் போக வேண்டுமானால் பாதையில்தான் போக வேண்டும். வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: இங்கே பாதை என்றால் வழி மட்டும் அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடத்தும் மிதவைக்கும் அதுதான் பெயர்.

அக்கரையில் ஒரு களஞ்சியம், இக்கரையில் உங்கள் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கோப்பைப் படிப்பது, அக்கரைக்கு ஆள் அனுப்பி வேண்டிய சரக்கை எடுத்து வந்து கடையில் இறக்குவது போன்றது. மேப்பிங் என்னும் பிணைப்பு வேறு மாதிரி. களஞ்சியத்தில் உள்ள எல்லாச் சரக்கின் பெயரையும் உங்கள் கடை அலுமாரியில் ஒட்டிவிடுகிறீர்கள். தட்டுகள் வெறுமையாக இருக்கின்றன. யாராவது ஒரு தட்டில் கை வைத்த அந்தக் கணத்தில் பாதை புறப்பட்டுப் போய்ச் சரக்கைக் கொண்டுவந்து வைக்கிறது. கை வைத்தவருக்குக் கொஞ்சம் தாமதம் தெரியும், ஆனால் தட்டு வெறுமையாக இருந்தது தெரியாது.

இதைச் செய்துவைப்பது இயங்குதளம். எங்கள் பாடநூல்கள் இதைப் பணிசெயல் முறைமை என்று எழுதும். சொல் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: உங்கள் நிரலின் முகவரிவெளியில் (அது தொடக்கூடிய நினைவக முகவரிகளின் வரிசையில்) ஒரு நீளத்தை ஒதுக்கி, "இந்த முகவரிகள் இந்தக் கோப்பின் இந்தப் பகுதிக்கு உரியவை" என்று தன் ஏட்டில் குறித்துக்கொள்வது. லினக்ஸிலும் மற்ற யுனிக்ஸ் வகைகளிலும் எம்மேப் (mmap) என்ற அழைப்பு, அதாவது நிரல் இயங்குதளத்திடம் விடும் வேண்டுகோள், இதைச் செய்கிறது. பென் டிரைவ் கடைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில், 8 மெகாபைட் கொள்ளளவோடு. எம்மேப் அதைவிட மூத்தது. கணினிக்குள் திருகாணியால் பூட்டிய வட்டு எங்கும் ஓடிப்போகாது என்று நம்பிய காலத்தில் பிறந்தது. அந்த நம்பிக்கைதான் பென் டிரைவில் உடைகிறது.

படி 1: சோதனைக் கோப்பு

பென் டிரைவில் 64 மெகாபைட் அளவில் ஒரு கோப்பை உருவாக்குங்கள். பைத்தானில் தற்செயல் பைட்டுகளை எழுதி நிரப்பினால் போதும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நினைவகம் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே உங்கள் கோப்பில் 16,384 பக்கங்கள். இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

எழுதி முடித்ததும் பென் டிரைவை முறைப்படி வெளியேற்றி மறுபடியும் செருகுங்கள். இதைத் தவறவிட்டால் சோதனை முழுவதும் பொய்யாகிவிடும். இப்போது எழுதிய பக்கங்கள் எல்லாம் கணினியின் பக்கத் தேக்ககத்தில் (கோப்புப் பக்கங்களின் நகலை நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தில்) கிடக்கும், அடுத்த படிகளில் பென் டிரைவைத் தொடாமலே எல்லாம் மின்னலாக வந்துவிடும். "என்ன வேகமான பென் டிரைவ்" என்று ஏமாந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஏமாந்திருக்கிறேன்.

கோப்பு முறைமை, அதாவது பென் டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்கு, பற்றி இரண்டு வரி. ஃபேட் 32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. பெரிய கோப்புகளோடு விளையாட விரும்பினால் எக்ஸ்ஃபேட்.

படி 2: பிணைத்தல்

பைத்தானின் எம்மேப் தொகுதியை எடுத்து, கோப்பைப் படிக்கவும் எழுதவும் கூடிய முறையில் திறந்து, அதன் கோப்பு எண்ணையும் (திறந்த கோப்புக்கு இயங்குதளம் தரும் எண்) நீளத்துக்குச் சுழியத்தையும் கொடுங்கள். சுழியம் என்றால் முழுக் கோப்பும் என்று பொருள். கண் இமைப்பதற்குள் அழைப்பு திரும்பிவிடும். 64 மெகாபைட் அவ்வளவு விரைவில் வந்துவிட்டதா?

இல்லை. இன்னொரு முனையத்தில் ஃபின்கோர் (fincore) என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு ஓட்டுங்கள். கோப்பின் எத்தனை பக்கங்கள் நினைவகத்தில் இருக்கின்றன என்று அது சொல்லும். சுழியம் என்று வரவேண்டும். அலுமாரியில் பெயர்கள் ஒட்டியாகிவிட்டன, சரக்கு ஒன்றும் வரவில்லை. சுழியம் வராவிட்டால் உங்கள் கோப்பு மேலாளர் முந்திக்கொண்டு கோப்பைத் திறந்து பார்த்திருக்கும், அதை மூடிவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிணைப்பு கோப்பை நீட்டாது. கோப்பு 10,000 பைட் என்றால் மூன்றாம் பக்கத்தின் மிச்சப் பகுதி சுழியங்களால் நிரம்பியிருக்கும், அங்கே எழுதினாலும் கோப்பில் சேராது. நான்காம் பக்கத்தைத் தொட்டால் நிரல் விழும். நீளம் வேண்டுமானால் முதலில் கோப்பை நீட்டிவிட்டுப் பிறகு பிணைக்க வேண்டும். ஃபேட் 32இல் வெற்றிடத்தோடு கூடிய கோப்பு என்ற வசதி கிடையாது. ஆகவே நீட்டும்போது அத்தனை சுழியங்களும் உண்மையாகவே பென் டிரைவில் எழுதப்படும். ஒரு கிகாபைட் நீட்டச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்து வரலாம்.

படி 3: ஒரே ஒரு பைட்டைத் தொடுதல்

பிணைத்த பகுதியின் நடுவிலிருந்து ஒரு பைட்டைப் படியுங்கள். ஒரு வரி நிரல்தான், ஆனால் அதற்கு அடியில் நடப்பது ஒரு நீண்ட பயணம்.

அந்த முகவரிக்குரிய பக்கம் நினைவகத்தில் இல்லை என்று செயலகம் (சிபியூ) கண்டு, நிரலை அந்த வரியிலேயே நிறுத்திவிட்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுப்புகிறது. இதற்குப் பக்கத் தவறு என்று பெயர், யாருடைய தவறும் இல்லையென்றாலும். கெர்னல் தன் ஏட்டைப் பார்த்து, இது இன்ன கோப்பின் இன்ன பக்கம் என்று அறிகிறது. கோப்பு முறைமையிடம் கேட்கிறது. ஃபேட் என்றால் ஒதுக்கீட்டு அட்டவணையில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குச் சங்கிலியாகத் தாவி, அந்தப் பக்கம் பென் டிரைவின் எந்த இடத்தில் உள்ளது என்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கம் ஒன்று 512 பைட் கொண்ட 8 பிரிவுகள். அவற்றைக் கேட்டு, சேமிப்புச் சாதனங்களோடு பேசும் ஸ்கஸி வகைப் படிப்புக் கட்டளை ஒன்று யுஎஸ்பி கம்பி வழியே போகிறது.

பென் டிரைவுக்குள் இன்னொரு குட்டிக் கணினி இருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு, நாம் கேட்ட இலக்கத்தை ஃபிளாஷ் நினைவகத்தின் உண்மையான இடமாக மொழிபெயர்க்கிறது. ஒரே இடம் தேய்ந்துபோகாமல் இருக்கத் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் அதற்கு. படித்த தரவு கம்பி வழியே திரும்பி நினைவகத்தில் இறங்குகிறது. கெர்னல் பக்க அட்டவணையில் ஒரு பதிவைத் திருத்துகிறது. நிறுத்திய அதே கட்டளையை செயலகம் மறுபடி ஓட்டுகிறது. உங்கள் பைட் கையில்.

இப்போது ஃபின்கோரை மறுபடி ஓட்டுங்கள். 1 என்று வராது, பெரும்பாலும் 32 வரை வரும். பாதை ஒரே ஒரு ஆளுக்காகப் புறப்படாது அல்லவா? லினக்ஸின் வழக்கமான முன்படிப்பு அளவு 128 கிலோபைட். தொட்ட பக்கத்தைச் சுற்றியுள்ள பக்கங்களையும் சேர்த்து ஏற்றி வந்துவிடுகிறது. கோப்பை வரிசையாகப் படித்தால் இது பெரிய இலாபம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவினால் வீண் சுமை. உங்கள் போக்கு எப்படிப்பட்டது என்பதை மேட்வைஸ் என்ற அழைப்பால் கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லலாம்: வரிசையாகப் போகிறேன், தாறுமாறாகப் போகிறேன், இந்தப் பகுதி விரைவில் வேண்டும் என்று மூன்று வகையாக. யுஎஸ்பி 2 துளையில் செருகிய பென் டிரைவில் தாறுமாறான போக்குக்கு இதைச் சொல்வதும் சொல்லாததும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு.

படி 4: எழுதுதல்

பிணைத்த பகுதியில் ஒரு பைட்டை மாற்றுங்கள். உடனே திரும்பிப் படித்துப் பாருங்கள், மாறியிருக்கும். இன்னொரு நிரலில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள், அங்கும் மாறியிருக்கும். இருவரும் பார்ப்பது ஒரே பக்கத் தேக்ககத்தை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்ப வைக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? நான் "முடிந்தது அண்ணை" என்று சொன்ன இடம் இதுதான்.

பிராக் (/proc) கோப்பகத்தில் மெம்இன்ஃபோ (meminfo) என்ற கோப்பைப் பாருங்கள். அதில் டர்ட்டி என்று ஒரு வரி, அழுக்குப் பக்கங்களின் அளவு. அழுக்கு என்றால் இங்கே நினைவகத்தில் மாறி, சேமிப்பில் இன்னும் மாறாதது. ஒரே பைட்டில் அந்த எண் அசைவது தெரியாது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட் வீதம் 16,384 பைட்டுகளை மாற்றுங்கள். எண் 64 மெகாபைட் அளவுக்கு ஏறும். நீங்கள் மாற்றியது 16 கிலோபைட், பென் டிரைவுக்குப் போக வேண்டியதோ 64 மெகாபைட். பக்கம்தான் இங்கே மிகச் சிறிய நாணயம், அதற்குக் கீழே சில்லறை கிடையாது. ஃபிளாஷுக்குள் நிலைமை இன்னும் மோசம். அங்கே அழிக்கும் தொகுதி ஒரு பக்கத்தைவிட மிகப் பெரியது. சிதறிய சின்னஞ்சிறு மாற்றங்கள் அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லை வியர்க்க வைக்கும், ஃபிளாஷின் ஆயுளையும் தின்னும்.

பிறகு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். லினக்ஸின் இயல்பு அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு காவலாளி எழுந்து பார்க்கிறான். 30 விநாடிக்கு மேல் அழுக்காகக் கிடப்பதை எழுதத் தொடங்குகிறான். மெதுவான பென் டிரைவில் எண் இறங்கி முடிய அதற்கு மேலும் நேரம் எடுக்கும். எந்தப் பக்கம் முன்னே, எது பின்னே என்பதற்கு எந்த உறுதிமொழியும் இல்லை. ஐஸ் கணக்கில் நடந்தது இதுதான். மொத்த எண்ணிக்கை இருந்த முதல் பக்கம் கரை சேர்ந்துவிட்டது. கடைசிப் பதிவுகள் இருந்த பக்கம் நடு ஆற்றில் இருந்தபோது அண்ணை பாதையையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு விதிவிலக்கு. பிணைக்கும்போது தனிப்பட்ட வகை என்று சொல்லியிருந்தால், எழுதிய பக்கங்கள் உங்களுக்கு மட்டுமான நகலாகப் பிரிந்துவிடும். அவை ஒருபோதும் பென் டிரைவுக்குப் போகா. "எவ்வளவு எழுதியும் கோப்பு மாறவில்லையே" என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

படி 5: சரியாக விடுவித்தல்

வரிசை முக்கியம். முதலில், அழுக்குப் பக்கங்களைச் சேமிப்பில் எழுதச் சொல்லும் எம்சிங்க் அழைப்பு, முடியும்வரை காத்திருக்கும் முறையில். பைத்தானில் பிணைப்புப் பொருளின் ஃப்ளஷ் செய்வது இதையே. அடுத்து பிணைப்பை மூடுங்கள். பிறகு கோப்பை மூடுங்கள். கடைசியாகப் பென் டிரைவை மவுண்டிலிருந்து, அதாவது கணினியின் கோப்பகங்களோடு இணைந்திருக்கும் நிலையிலிருந்து, கழற்றுங்கள்.

இதில் பலர் வழுக்கும் இடம், கோப்பை மூடினால் பிணைப்பும் போய்விடும் என்று எண்ணுவது. போகாது. கோப்பு எண்ணை மூடிய பிறகும் பிணைப்பு உயிரோடுதான் இருக்கும், கோப்பையும் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது பென் டிரைவைக் கழற்றப் போனால் இலக்கு பயன்பாட்டில் உள்ளது என்று லினக்ஸ் மறுக்கும். எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை யார் பிடித்திருக்கிறார் என்று காட்டும். கோப்பு எண் வரவேண்டிய நெடுவரிசையில் மெம் என்று இருந்தால் அது பிணைப்பு. கோபத்தில் சோம்பல் முறைக் கழற்றலைப் பயன்படுத்தாதீர்கள். அது பெயரை மட்டும் மறைத்துவிட்டு வேலையைப் பின்னால் தொடரும். நீங்கள் பிடுங்கும்போது என்ன மிச்சமிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பென் டிரைவின் விளக்கு அணைந்துவிட்டது என்பதும் சாட்சி அல்ல. காவலாளி எழும் வரை விளக்கு அமைதியாகத்தான் இருக்கும்.

படி 6: பிடுங்குதல்

இதற்காகத்தான் காத்திருந்தோம். கோப்பை மறுபடி பிணைத்து, நடுவில் ஒரு பைட்டைப் படித்து, பென் டிரைவைப் பிடுங்குங்கள். இப்போது அதே பைட்டை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் வரும், ஏனென்றால் அந்தப் பக்கம் ஏற்கனவே இக்கரையில். களஞ்சியம் எரிந்த பிறகும் தட்டில் இருக்கும் சரக்கு தட்டில்தான் இருக்கும்.

பிறகு தொலைவில் உள்ள, இதுவரை தொடாத ஒரு பைட்டைப் படியுங்கள். நிரல் அங்கேயே செத்து விழும். பஸ் எரர் என்று ஒரு வரி மட்டும் மிஞ்சும். எங்கள் பஸ் நிலையத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, செயலகம் நினைவகத்தோடு பேசும் பாட்டையின் பெயர் அது. சாதாரணமாகப் படிக்கும் அழைப்பு என்றால் பிழை எண் ஒன்று திரும்பி வரும், அதைப் பார்த்து "பென் டிரைவைச் செருகுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பிணைப்பில் அதற்கு இடமில்லை. கூட்டல் கணக்குச் செய்யும் ஒரு சாதாரண வரி, எந்தக் கோப்பும் கண்ணில் படாத இடம், திடீரென்று விழும். சிக்பஸ் என்ற அந்தச் சமிக்ஞையைப் பிடிக்க முடியும், ஆனால் சரியாகப் பிடிப்பது கடினமான கலை. பைத்தானில் அதற்கு ஆசைப்படவே வேண்டாம். எஸ்கியூலைட் தரவுத்தளம் இந்த அபாயத்தைத் தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

மறுபடி செருகினால்? ஒன்றும் ஒட்டாது. புதிதாகச் செருகியது கெர்னலுக்குப் புதிய சாதனம், பழைய பிணைப்பு செத்த சாதனத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுதப்படாத அழுக்குப் பக்கங்கள் போனவை போனவைதான். கெர்னல் பதிவேட்டை டிமெசெக் (dmesg) கட்டளையால் பார்த்தால் எழுத்து இழப்புச் செய்திகள் கிடக்கலாம்.

பிடுங்குவதற்குக் கைதான் வேண்டும் என்பதில்லை. கடலோரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். கச்சான் காற்றுக் காலத்தில் புழுதியும், வருடம் முழுவதும் உப்பும் யுஎஸ்பி துளையில் படியும். செப்புத் தொடர்புகள் பச்சை பிடிக்கும். மேசை அசைந்தால் தொடர்பு அரை விநாடி அறுந்து ஒட்டும். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கெர்னலைப் பொறுத்தவரை நீங்கள் பிடுங்கிச் செருகிவிட்டீர்கள்.

விண்டோஸில்

கருத்து ஒன்றுதான், பெயர்கள் வேறு. கோப்புக்கு ஒரு பிணைப்புப் பொருளை உருவாக்கி, அதன் ஒரு காட்சியை முகவரிவெளியில் ஏற்றுகிறீர்கள். காட்சியின் தொடக்க இடம் 64 கிலோபைட்டின் மடங்காக இருக்க வேண்டும். எழுதியதை இறக்க ஃப்ளஷ்வியூஆஃப்ஃபைல் அழைப்பு. அது எழுத்தைத் தொடங்கிவிடும், ஆனால் சாதனத்தில் எழுதி முடிந்தது என்று உறுதி தராது. அதன் பின் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ் கட்டாயம். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளிச்சேமிப்புகளுக்கு விரைவாகக் கழற்றுதல் என்பதே இயல்பு. இதைக் கேட்டதும் "அப்படியானால் பாதுகாப்பாகக் கழற்றத் தேவையில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். சாதாரணக் கோப்பு எழுத்துக்கு அது ஓரளவு பொருந்தும். பிணைப்பில் நீங்கள் செய்வது நினைவகத்தில் ஒரு மதிப்பை வைப்பது மட்டுமே. அப்படி ஒன்று நடந்ததைக் கோப்பு முறைமை அந்தக் கணத்தில் பார்ப்பதே இல்லை. பார்க்காததை அது எப்படி உடனே எழுதும்?

பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டும் நிரல்களும் இதே கதைதான். நிரல் கோப்பு முழுவதுமாக நினைவகத்தில் ஏறுவதில்லை, பிணைக்கப்பட்டுத் தேவைக்கேற்ப வருகிறது. பிடுங்கினால் உடனே விழாது. இதுவரை அழுத்தாத ஒரு பட்டனை அழுத்தும்போது விழும். நிரல் கோப்பைக் கட்டித்தரும் மைக்ரோசாஃப்ட் இணைப்பியில் ஸ்வாப்ரன் என்று ஒரு தெரிவு உண்டு. கழற்றக்கூடிய சேமிப்பிலிருந்து ஓடினால் நிரலை முதலில் பக்கக் கோப்புக்கு (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பு) நகலெடுத்துவிடச் சொல்வது அது. பென் டிரைவிலிருந்து எழும் சில லினக்ஸ் வகைகளில் டுராம் என்ற தொடக்கத் தெரிவும் இதே எண்ணம்: எல்லாவற்றையும் இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாதையை அனுப்பிவிடு.

எப்போது பிணைக்கலாம்

பெரிய அகராதி, வரைபடம், நூலகப் பட்டியல் போன்ற, படிக்க மட்டுமான கோப்பு, அதில் அங்கங்கே சிறு பகுதிகள் மட்டும் வேண்டும் என்றால் பிணைப்பு அருமையானது. 3 கிகாபைட் கோப்பில் மூன்று பக்கம் பார்க்க மூன்று கிகாபைட்டையும் நகலெடுப்பது மடமை. எழுத வேண்டியிருந்தால் பென் டிரைவில் பிணைக்காதீர்கள். இது என் தனிப்பட்ட பிடிவாதம், எதிர்வாதம் செய்பவர்களின் நிரல்களையும் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் கணக்கை நான் திருத்திய விதம் இது. காலையில் செருகியதும் கோப்பு கணினியின் உள்வட்டுக்கு நகலாகும். பகல் முழுவதும் பிணைப்பு, வேகம், வித்தை எல்லாம் அந்த நகலில். மாலையில் பென் டிரைவில் புதிய கோப்பு ஒன்று, நாளின் பெயரோடு, சாதாரண எழுத்து அழைப்பால் எழுதப்படும். தலையில் பதிவு எண்ணிக்கையும் சரிபார்ப்புத் தொகையும் இருக்கும். நேற்றைய கோப்பைத் தொடுவதில்லை. ஃபேட் முறைமையில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டு வசதி இல்லாததால், பழையதன் மேல் புதியதைப் பெயர் மாற்றி வைக்கும் வழக்கமான உத்தியை நான் நம்பவில்லை. பிறகு எஃப்சிங்க் (கோப்பைச் சாதனத்தில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு), மூடுதல், மவுண்ட் கழற்றல்.

"முடிந்தது" என்று இப்போது நான் சொல்வதில்லை. நிரலே திரையில் பெரிய எழுத்தில் காட்டும். மவுண்ட் கழற்றும் கட்டளை வெற்றியோடு திரும்பிய அடுத்த வரியில்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். சில மாலைகளில் அது வர பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அண்ணை சாவிக் கொத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்பார்.